கன்னியப்பனுக்குக் கொடுத்த பட்டம்

அன்புள்ள தேவராஜ் பாவாவுக்கு,

என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களை பாவா என்றுதான் கூப்பிட்டேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் அப்படிக் கூப்பிட்டும் நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் கண்ணை மூடி இன்றோடு இருபது நாள். மைக்கில் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் பேசாமல் இருந்தீர்களே, அந்த வார்த்தை சரியா தப்பா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். இப்போதாவது எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடாமல் கேளுங்கள்.

நேற்று கே.ஜி.கண்டிகை டீக்கடையில் ஒரே ரகளை. யாரோ மெட்ராஸிலிருந்து வெளிநாட்டுக் குஸ்தி வீடியோ கேசட் கொண்டுவந்து போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரே கம்பெனியில் நாலு சாம்பியனாம். "இன்னா ரத்தினண்ணா, ஆளுக்கொரு பெல்ட்டு கட்டிகினு திரியறானுங்க. இதுல நெஜ சாம்பியன் யாரு?" என்று என்னைக் கேட்டார்கள். கேட்க ஆள் பார்த்தார்கள் பாருங்கள்! டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நம் பழைய குஸ்திக் கம்பெனியில் ஆள் ஆறு, பட்டம் பதினாலு. எல்லாம் மைக் பிடித்த என் வாயிலிருந்து வந்தவை. திருத்தணியில் நீங்கள் தமிழ்நாட்டுச் சாம்பியன், நகரிக்குப் போனால் ஆந்திரச் சாம்பியன். யார் ஜெயிப்பது, யார் விழுவது என்பதையெல்லாம் காலையிலேயே பேசி வைத்துவிடுவோம். "எதுக்குடா இத்தினி பட்டம்? ஒண்ணு போதாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். "வெறும் ஆளு வெறும் ஆளோட கட்டிப் பொரண்டா எவன் பாவா வந்து பாப்பான்?" என்பேன். அதில் தப்பில்லை என்று இப்போதும் சொல்வேன். வெறும் தேவராஜைப் பார்க்க அம்மையார்குப்பத்தில் எவர் தறியை நிறுத்திவிட்டு பஸ் ஏறுவார்?

ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த ஆடிக் கிருத்திகைக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போனது. 'தமிழ்நாட்டுச் சாம்பியனும் ஆந்திரச் சாம்பியனும் நேருக்கு நேர்' என்று நோட்டீஸ் அடித்து, மலையடிவாரத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் ஒட்டினேன். ஒட்டி முடித்துப் பசைவாளியைக் கழுவும்போதுதான் உறைத்தது, இரண்டு பேரும் நீங்கள்தான் என்று. நம் ஆறு பேரில் ஒருத்தன் சிவலிங்கத்துக்கு ஆந்திரா பெல்ட்டைக் கட்டி ஏற்றிவிடலாம் என்றேன்.

"வேணான்டா ரத்தினம். நகரிக்காரங்க அத்தினி பேரும் மலைக்கு வருவாங்க. என் மூஞ்சி அவங்களுக்குத் தெரியும்" என்றீர்கள்.

நான் கேட்டேனா? சாயங்காலம் சிவலிங்கம் பெல்ட்டோடு ரிங்கில் ஏறினதும் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒருவர் எழுந்தார். "மா சாம்பியன் ஈயன காது, ஆயனே!" என்று உங்களை நோக்கிக் கையை நீட்டினார். எங்கள் சாம்பியன் இவர் இல்லை, அவர்தான் என்கிறார். அவரைச் சுற்றி இருந்தவர்களும் எழுந்தார்கள். "இன்னாடா, எங்க ஊர்ல வந்து சவுண்டு வுடறே?" என்று இந்தப் பக்கம் ஒருவன் துண்டை இறுக்கினான். திருத்தணி எந்த ராஜ்யத்துக்கு என்கிற பழைய சண்டை சிலர் மனசில் அப்போதும் ஆறவில்லை. முதல் செருப்பு என் காதை உரசிக்கொண்டு போனது. முன்வரிசையில் அக்கா கைக்குழந்தையை மடியில் அமுக்கிக்கொண்டு குனிந்தாள். கொட்டகைக்கு வாசல் ஒன்றுதான்.

நீங்கள் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினீர்கள். முதலில் தமிழில், பிறகு தெலுங்கில்.

"ரெண்டு சாம்பியனும் நான்தான். ரெண்டு பெல்ட்டும் தகரம். தப்பு எங்களுது. நாடகம் இல்லாத குஸ்தி வோணும்னா, எந்தப் பக்கத்து ஆளு வேணா மேல வாங்க. நான் நிக்கறேன்."

அந்த மொட்டைத் தலைக்காரரே முதலில் ஏறினார். அவரைச் சாய்த்து, நீங்களே தூக்கி நிறுத்தி முதுகில் மண்ணைத் தட்டிவிட்டீர்கள். இரண்டாவது அம்மையார்குப்பத்துத் தறிக்காரர். அவரைச் சாய்ப்பதற்குள் உங்களுக்கு மூச்சு இரைத்துவிட்டது. "போதும் பாவா" என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். மூன்றாவதாக ஏறினான் கன்னியப்பன். திருவாலங்காட்டில் கரும்பு லோடு ஏற்றுகிறவன். பிடி தெரியாது, பலம் மட்டும்தான். உங்கள் வலது தோள் கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் நீங்கள் எழவில்லை.

படுத்தபடியே இடது கையால் கன்னியப்பன் கையைத் தூக்கிப் பிடித்தீர்கள். இரண்டு பக்கத்து ஜனமும் ஒன்றாகக் கை தட்டியது. அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். பழக்க தோஷம், மைக்கை எடுத்து, "இதோ, தென்னிந்தியச் சாம்பியன் கன்னியப்பன்!" என்று கத்தினேன்.

"நெஜமா ஒண்ணு நடந்துச்சுடா இன்னிக்கி. அதுலயும் உன் தகரத்த ஒட்டிட்டியே" என்றீர்கள். என்னிடம் நீங்கள் பேசின கடைசிப் பேச்சு அது. கழன்ற தோள் அப்புறம் கூடவே இல்லை. கம்பெனி கலைந்தது, சர்க்கரை ஆலையில் வாட்ச்மேன் வேலைக்குப் போனீர்கள். எனக்கும் கோபம் உண்டு பாவா. ஒரு வார்த்தைக்குப் பன்னிரண்டு வருஷம் ரொம்ப அதிகம்.

உங்களை எடுத்த அன்றைக்குக் கன்னியப்பன் வந்திருந்தான். மாலையைப் போட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணா, ரொம்ப நாளா நெஞ்சுலயே கெடக்குது. அன்னிக்கி நீங்க சொன்ன பட்டம் நெஜந்தானா? ஊர்ல என்னை அப்பிடித்தான் கூப்படறாங்க. பொண்ணு கல்யாணப் பத்திரிகையில கூட போட்டுக்கினேன். அவரு தப்பா எடுத்துகினு இருந்தாரா?"

பொய் என்றால் அவன் என்ன ஆவான்? நிஜம் என்றால், உள்ளே கிடக்கிற நீங்கள்? யோசித்துப் பார்த்தேன். நான் கொடுத்த அத்தனை பட்டத்திலும் ஒருத்தன் உண்மையாக ஜெயித்து வாங்கினது அது ஒன்றுதான்.

"ஆங், நெஜந்தான். அவரே உன் கையத் தூக்கினாரே" என்றேன். அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அதுவரை அழாத நானும் அழுதேன். சரியாகச் சொன்னேனா பாவா?

வருகிற கிருத்திகைக்கு உங்கள் பெயரில் குஸ்தி வைக்கிறார்கள். எடைக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று ஒன்பது பட்டம் எழுதிக்கொண்டு வந்து, மைக் நான்தான் பிடிக்க வேண்டும் என்றார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மைக்கை மட்டும் ஒப்புக்கொண்டேன்.

உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி என் வாயிலிருந்து ஒரு பட்டமும் வராது. ஜெயித்தவன் பெயரையும் ஊரையும் சொல்வேன். அதே சத்தத்தில் தோற்றவன் பெயரையும் சொல்வேன். கன்னியப்பன் ஜெயித்த அன்றைக்கு உங்கள் பெயரை நான் சொல்லவே இல்லை பாவா.

உங்கள் மைத்துனன்,
முனிரத்தினம்