இளமதியின் ஒற்றை ஓடுபாதை

புளோக் 4, ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இளமதிக்கு,

பதினோரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடி தேக்கா சந்தைவரை போய் மீன்காரரிடம் பேரம் பேசுகிறாள். தம்பி ஸ்ரீராம் தேசிய சேவை இராணுவ முகாமிலிருந்து வாராவாரம் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வருகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், போய்விடுகிறான். எனக்கு இரத்த அழுத்தம் மாத்திரையில் அடங்கிவிட்டது, மேல்வீட்டுக்காரரின் ஈரத்துணி எங்கள் சன்னலில் சொட்டுவதுதான் அடங்கவில்லை. நகர மன்றத்துக்கு ஆறாவது கடிதம் எழுதியிருக்கிறேன். "அவங்களுக்கு ஆறு எழுதுறீங்க, பெத்த பிள்ளைக்கு ஒண்ணு எழுத வலிக்குதா" என்று அம்மா கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் கோபம் உனக்குத் தெரியும். இருபத்தொன்பது வருஷம் இங்கே பெரிய விமான நிலையத்தில் ஓடுபாதையைச் சோதித்துப் பார்த்தவன் நான். என்னிடம் வேலை கற்றவனை எனக்கு மேலே உட்கார வைத்த மேலதிகாரியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. நீயாவது படித்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் உட்காருவாய் என்று நினைத்தேன். நீயோ நெப்ராஸ்காவில் ஒரு சோளக்காட்டு நடுவே, கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத, ஒரே ஓடுபாதை உள்ள விமான நிலையத்துக்கு மேலாளர் என்று சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாய். வேலைக்கு ஆள் நீ ஒருத்திதான் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்டோபரில் மாநில ஆய்வாளர் வருகிறார், அதற்கு முன்னால் அப்பா ஒருமுறை வந்து பார்ப்பாரா என்று அம்மா மூலம் மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும் நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

போன ஞாயிறு உன் அத்தை வீட்டுப் பேரன் ரித்திக்கின் பிறந்தநாள் விருந்து, சிராங்கூன் சாலையில் வாழையிலைச் சாப்பாடு. அத்தையும் தங்கராஜு மாமாவும் அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார்கள், கூடவே மாமாவுடைய வாயும். அவர்கள் உன்னைப் பார்க்க வந்த கதையை நீ அம்மாவிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாய். அவர்கள் மகன் வருணின் சிநேகிதர் தன் குட்டி விமானத்தில் ஒரு சுற்று கூட்டிப்போவதாகச் சொன்னாராம். உன் மாமா மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து, தண்ணீர்ப் போத்தலைக் குப்பையில் போட்டுவிட்டு, இடுப்புவாரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கடவுச்சீட்டோடு அந்தத் தகரக் கொட்டகைக்குள் கவுண்டரைத் தேடியிருக்கிறார். இதை அவர் சொல்லவில்லை, அத்தை சொன்னாள். அவர் சொன்னது வேறு. "மச்சான், அது ஏர்போர்ட்டே இல்ல லா. பஸ் ஸ்டாப்பு. ஒரு சோபா, ஒரு காப்பி மெஷின், பெட்ரோல் பம்புல அவனவனே கார்டு போட்டு அடிச்சுக்கிறான். ஒரு பழைய காரு நிக்கிது, சாவி ஆணியில தொங்குது, எறங்குறவன் யாரு வேணாலும் எடுத்துட்டு ஊருக்குள்ள போலாமாம்! கம்பத்துல ஒரு துணி. மேனேஜரு எங்கடான்னு பாத்தா, உம்மவ டிராக்டர்ல உக்காந்து புல்லு வெட்டுது!" மேசை முழுக்கச் சிரித்தது. நானே வீட்டில் இதைவிட மோசமாகப் பேசியவன்தான். ஆனாலும் அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "அந்தத் துணி இல்லாம காத்து எந்தப் பக்கம்னு உங்க பைலட்டுக்கு யாரு சொல்லுவா அத்தான், நீங்களா? சாவி தொங்குதுன்னா அந்த ஊர்ல திருடன் இல்லன்னு அர்த்தம். உங்க புளோக்குல சைக்கிளுக்கு மூணு பூட்டு போடுறீங்க" என்றேன். அவர் ரசத்தைக் குடிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அன்று இரண்டு பாயசம்.

கை கழுவும் இடத்தில் அத்தை என்னைத் தனியாகப் பிடித்தாள். "தம்பி, அவரு சொல்லாதது ஒண்ணு இருக்கு. நாங்க இருந்தப்ப நெஞ்சு வலின்னு ஒரு வயசான ஆளை வேன்ல கொண்டாந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக விமானம் வந்துக்கிட்டு இருந்திச்சு. புள்ள டிராக்டர விட்டு எறங்கி, ஜீப்புல ஓடுபாதையோட கடைசிவரைக்கும் போயி, திரும்பி வர்றப்ப நிறுத்தி, குனிஞ்சு ஒரு கல்ல எடுத்து சட்டைப் பையில போட்டுச்சு. அப்புறந்தான் ரேடியோவுல பாதை சுத்தமா இருக்குன்னு சொல்லிச்சு. அவ்ளோ அவசரத்துல கல்லு பொறுக்குதேன்னு எனக்கே கோவம்" என்றாள். நான் குழாயை மூட மறந்து நின்றேன். சின்னக் கல்கூட விமானத்தைக் கெடுத்துவிடும் என்று நான் ஓடுபாதையில் பொறுக்கிச் சீருடைப் பையில் போட்ட கற்களும் திருகாணிகளும் சலவை இயந்திரத்தில் கடகடவென்று சத்தம் போட, அம்மா என்னை வைது தீர்த்த காலத்தில் நீ பள்ளிக்கூடப் பிள்ளை. உனக்கு நான் ஒன்றும் சொல்லிக் கொடுத்ததில்லை. நீ பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

சரி, நீ அம்மாவுக்கு அனுப்பிய ஓடுபாதைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காற்றுத் துணி வெளுத்துவிட்டது, உடனே மாற்று, ஆய்வாளர் முதலில் அதைத்தான் பார்ப்பார். மேற்கு முனையில் விளக்கைப் புல் மறைக்கிறது. பெட்ரோல் பம்பின் மேல் காப்பிக் கோப்பை இருக்கிறது, அது யாருடையதாக இருந்தாலும் அவரைத் திட்டு. தொப்பி போடாமல் டிராக்டர் ஓட்டாதே. தங்கராஜு மாமாவிடம் கோபப்படாதே, அதை என்னிடம் விட்டுவிடு.

அம்மா அக்டோபர் நாலாம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள், நான் தடுக்கவில்லை. நீயும் உன் ஓடுபாதையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அந்தப் பெரியவர் பிழைத்தாரா என்று மறக்காமல் எழுது. கையெழுத்துப் போடும் இடத்தில்தான் பேனாவை நிறுத்தி யோசித்தேன். ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்க்காமல் எந்த அறிக்கையிலும் நான் கையெழுத்திட்டவன் இல்லை, மேலதிகாரி மேசையைத் தட்டியபோதும் இட்டதில்லை. உன்னுடையதை நான் இன்னும் நடக்கவில்லை. கடிதத்தைப் பத்திரமாக வை, நடந்து முடித்த கையோடு அங்கேயே போடுகிறேன். இப்போதைக்கு இதைக் கையெழுத்து இல்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.