எரியாத வேதாகமம்

நாகலூர்,
செப்டம்பர் 14.

கர்த்தருக்குள் அன்பான மகன் ஆசிருக்கு அம்மா எழுதுவது. இங்கே மழை விடவில்லை. மற்றபடி நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகளும் சுகமாயிருக்க அவர் கிருபை செய்வாராக.

போன் செய்தால் உன் உதவியாளர் எடுத்து, ஜெபக் குறிப்பைச் சொல்லுங்கம்மா என்கிறார். நான் அவனைப் பெற்றவள் என்றேன். அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம்.

சென்னைக் கூட்டத்தில் நீ பிரசங்கித்த வீடியோவை உன் தங்கை ஜெஸ்லின் டிவியில் போட்டுத் தந்தாள். பெருமை தாங்காமல் பெண்கள் சங்கத்தார் பதினாறு பேரையும் நானே கூப்பிட்டு உட்கார வைத்தேன். உன் அப்பா காப்பி போட்டுத் தட்டில் எடுத்து வந்தார். அந்த நேரம் பார்த்து, குடிகாரத் தகப்பன் உன் வேதாகமத்தை அடுப்பில் போட்டு எரித்த கதையைச் சொன்னாய். அங்கே கூட்டமே அழுதது. இங்கே பதினாறு பேரும் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொருவர் கையிலும் தம்ளரைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் வெளியே போனார்.

எந்த வேதாகமம் ஆசிர்? ஓய்வுநாள் பள்ளியில் நீ பரிசு வாங்கியது இன்னும் பீரோவில் உன் பெயரோடு இருக்கிறது. அவர் குடித்தார், என்னை அடித்தார். நான் மறைக்கவில்லை. ஆனால் அடி வாங்கியவள் நான், மன்னித்தவளும் நான். அதை மேடையேற்ற உனக்கு யார் உரிமை கொடுத்தது? நீ உபவாசம் இருந்து ஜெபித்ததால் அவர் குடியை விட்டாராம். அப்போது நீ எட்டாவது படித்தாய். சோறு கொஞ்சம் தாமதமானால் எஸ்டேட் முழுக்கக் கேட்கும்படி கத்துவாய்.

அவர் கோபப்பட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "ஏம்புள்ள, நான் எரிச்சனா?" என்று கேட்டார். இல்லவே இல்லைங்க என்றேன். "நொம்பக் குடிச்சவனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நீ என்னைக் காப்பாத்தப் பாக்கற. பையன் பிரசங்க மேடையில நின்னு பொய் சொல்லுவானா?" என்றார். பீரோவைத் திறந்து காட்டினேன். அது அப்புறம் வாங்கினதா இருக்கும் என்கிறார்.

அன்றிலிருந்து மூன்று மாதமாகக் கோயிலில் திருவிருந்துக்கு எழுந்து போவதில்லை. எல்லாரும் முன்னே போகும்போது கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். வேதத்தை எரித்த கை அப்பத்தை வாங்கக் கூடாதாம். ஆயர் தேவசிகாமணி வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். கிளம்பும்போது அவரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏனுங்கம்மா, நிசமாவே எரிக்கலீங்களா?" என்றார்.

இங்கே நம் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு நீதான் தேவசெய்தி கொடுக்கிறாயாம். உன் படம் போட்ட போஸ்டரை ஏற்காடு பஸ் ஸ்டாண்டு வரை ஒட்டியிருக்கிறார்கள். நீ முந்தின நாளே வா. நேராக வீட்டுக்கு வா. மைக் வேண்டாம், சாட்சி வேண்டாம், அழுகையும் வேண்டாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்னது பொய் என்று சொல். முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த நான் சொல்லி அவர் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவார். உன்னை அப்படி நம்புகிறார், சாமி.

கர்த்தர் உன் நாவைக் காப்பாராக.

அம்மா,
செல்வமேரி