அறுபத்திரண்டாம் நம்பர் ஜெட்

மே 12, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பத்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதியே தீர வேண்டும்.

காரணம், பழைய கார் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சந்திரன் போட்ட வீடியோ. 'பெரிய இன்ஜினுக்குக் கார்ப்பரேட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?' சேலம் பக்கம் அயோத்தியாப்பட்டணத்தில் அவன் பட்டறை வாசலில் நின்று பேசுகிறான். ஒரு காலத்தில் எனக்கிருந்த ஒரே நண்பன். இப்போது சங்கச் செயலாளர். ஒன்பதாவது நிமிடத்தில் நான் வருகிறேன், பெயர் இல்லாமல்.

"நம்மூர்ல ஒரு வாத்தியார். பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் பாடம் எடுக்கறவரு. புஸ்தகத்தப் பாத்துக் கணக்குப் போட்டு, எட்டு சிலிண்டர் வண்டிக்குச் சின்னதா ஒரு கார்ப்பரேட்டர மாட்டுனாரு. ஏற்காட்டுல இருந்து எறங்கி நாமக்கல் தாண்டல, பிஸ்டன்ல ஓட்ட! கபடி ஆடறவன ஸ்ட்ரா வழியா மூச்சு விடச் சொன்னா ஆடுவானா?"

கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அந்த வண்டியின் சொந்தக்காரர் பெரியசாமியும் கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார். நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பது யாருக்கும் நினைவில்லை போல.

பால் திரிந்துவிட்டது. கடுங்காப்பி.

மே 13, செவ்வாய்

மறுப்புக் கட்டுரை தொடங்கியாயிற்று. கணக்கு மட்டும் இன்று.

இன்ஜின், ஐந்தே முக்கால் லிட்டர்.
வேகம், அதிகம் போனால் நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்று.
இழுக்கும் காற்று, நிமிடத்துக்கு ஐந்நூறு கன அடிக்குள்.
நான் தேர்ந்தது அறுநூறு அடி கார்ப்பரேட்டர். சந்திரன் (இனி ச.) பிறகு மாட்டியது எழுநூற்றைம்பது.

காற்றில் பெட்ரோல் கலக்கும் கார்ப்பரேட்டரின் தொண்டை அகலமானால் காற்று மெதுவாகும். காற்று மெதுவானால் பெட்ரோல் பொடியாகச் சிதறாது, சொட்டும். மிதித்தவுடன் திணறல், கரும்புகை. இரண்டாம் ஆண்டு மாணவனும் சொல்வான்.

பிஸ்டன் ஓட்டைக்கு என் விளக்கம்: இழுவை வேண்டுமென்று ச. தீப்பொறி நேரத்தை முன்னே தள்ளியிருப்பான். எப்போதும் அவன் செய்கிற வேலை. பத்து வருடமாக இதை மனத்துக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டேன். கார்ப்பரேட்டர் சரியாக இருந்தது என்று காட்ட அந்தப் பழையது கையில் வேண்டும். பெரியசாமியிடம் கிடக்கும். போன் வேண்டாம், நேரில்.

மனைவி கமலா போன் செய்தாள். சென்னையில் மகன் வீட்டுக்குப் போய் மூன்று வருடம்.

"சாப்டீங்களா?"

"ம்."

"வேற?"

வைத்துவிட்டேன். மொத்தப் பேச்சு நாற்பது விநாடி.

மே 15, வியாழன்

பெரியசாமியின் ஊர், பரமத்தி வேலூர் போய்வந்தேன். நாமக்கல் வரை பஸ்ஸில் நின்றபடி. கால் வலி.

பெரியசாமி வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து ஈரக் காலோடு வந்தார். "அட, வாத்தியாருங்களா! பத்து வருசத்துல இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா?"

சண்டைக்குப் போனவன் கையில் மோர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டார்.

"வீடியோவுக்குக் கட்டைவிரல் தூக்கினீங்களே?"

"வர்றதுக்கெல்லாம் அமுக்கறதுதானுங்க. போன வாரம் ஒரு சாவுச் சேதிக்கும் அமுக்கிப்போட்டு ஊட்டுல பேச்சு வாங்குனேன்."

கொட்டகையில் வண்டி. இரண்டு கதவு, அமெரிக்கச் சரக்கு. இன்னும் அழகு. பக்கத்தில் போனாலே பெட்ரோல் நெடி.

"சந்திரன் மாட்டுன அந்தப் பெருசு சரிப்படலீங்க. ஒரே பொகை. சீலையெல்லாம் நாறுதுன்னு எம்பட சம்சாரம் ஏறவே மாட்டேங்கிறா. ஞாயித்துக்கெழமை சங்கத்து வண்டியெல்லாம் இங்கிருந்து சேலத்துக்குப் போவுதுங்க. நம்ம வண்டிய சந்திரந்தான் ஓட்டறாரு. சனிக்கெழமை பொழுதோட வந்து உங்களுதையே மாட்டித் தாரேன்னாரு."

"சின்னது ஆகாதென்று பேசியவனா?"

"பேசறது வேறைங்க, மாட்டறது வேறைங்க. ஆனா இன்னொருக்கா பிஸ்டன் போச்சுன்னா அவ்வளவுதானுங்க. போன தடவையே ஒன்றரை வருசம் அலைஞ்சேன், இப்ப எங்கயும் கெடைக்கறதில்லை. கோழி அடைக்க வேண்டியதுதான்."

கார்ப்பரேட்டர் உரச்சாக்கில் சுற்றிக் கிடந்தது. கட்டிலில் வைத்து நான்கு திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே இரண்டு ஜெட். பெட்ரோலை அளந்துவிடும் பித்தளைத் துளைகள். மேலே நம்பர் பொறித்திருக்கும். 66 இருக்க வேண்டும்.

62.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டிலும் 62.

"ஏனுங்க, நல்லாருக்குதுங்களா?"

"இருக்கு."

மூடிக் கொடுத்துவிட்டேன். ஒரு கவுளி வெற்றிலை கொடுத்தார். நான் போடுவதில்லை. வாங்கிக்கொண்டேன்.

மே 16, வெள்ளி

கல்லூரிக்கு விடுப்பு. பரணிலிருந்து அந்த வருட நோட்டை எடுத்தேன்.

சேலத்து வெயிலில் வேலை செய்ய முடியாது, வண்டி இருக்கிற ஏற்காட்டு எஸ்டேட்டிலேயே டியூன் செய்வோம் என்றோம். பெரியசாமி அப்போதுதான் அந்த எஸ்டேட்டிலிருந்து வண்டியை வாங்கியிருந்தார். ஒரு வாரம் குளிரில், கம்பளியோடு. நானும் சந்திரனும் அத்தனை சிரித்தது அதற்குப் பிறகு இல்லை. மேலே காற்று அடர்த்தி குறைவு, பெட்ரோலும் குறைய வேண்டும். அதனால் 66ஐக் கழற்றி நான் போட்டது, துளை சிறிய 62. என் கையெழுத்தில்: 'இறங்குமுன் 66 போட வேண்டும்.'

கீழே காற்று அடர்த்தி. அதே 62 என்றால் பெட்ரோல் போதாது. சூடேறும். நெடுஞ்சாலையில் அழுத்தி மிதித்தால் பிஸ்டன் உருகும். வருடா வருடம் இதைப் பலகையில் எழுதுகிறவன் நான்.

போடவில்லை. கடைசி நாள் காலை, யார் முதலில் ஓட்டுவது என்று பேச்சு வந்தது. ச. சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "நீ கணக்குப் போடுய்யா, நான் ஓட்டறேன்." பெரியசாமி சிரித்தார். எஸ்டேட் ஆட்களும் சிரித்தார்கள். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். 66 இரண்டும் பையில். இன்று பரணில் நோட்டோடு ஒரு தகர டப்பாவில் இருந்தன, பச்சை பூத்து.

மறந்துவிட்டேனா? தெரிந்தே சொல்லாமல் வந்தேனா? கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போது ஜெட் ஞாபகம் வந்ததா? வந்தது போலத்தான் இருக்கிறது. சத்தியம் செய்யச் சொன்னால் எந்தப் பக்கமும் முடியாது.

சோறு வடித்தேன். தின்னவில்லை.

மே 17, சனி

மேகம். மழை இல்லை. மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது.

பொழுது சாய்வதற்குள் ச. அங்கே மாட்டிவிடுவான். நாளை நெடுஞ்சாலை. அவன் மெதுவாக ஓட்டுகிறவன் இல்லை.

பெரியசாமி எண்ணை அழுத்தி, மணி போகுமுன் துண்டித்தேன். 'அன்னிக்கே பார்த்தீங்களே, ஏன் சொல்லலை' என்பார்.

மறுப்புக் கட்டுரை ஆறு பக்கம். கிழித்தாயிற்று.

சங்கத்தின் இணையப் பக்கத்தில் 'சந்தேகம் கேளுங்கள்' என்று ஒன்று. எழுதி அனுப்பினால் நேராக ச. கைப்பேசிக்குப் போகும், பக்கத்திலும் எல்லோரும் பார்க்க வரும். வீடியோவில் பெருமையாகச் சொன்னான். அதில் அடித்து வைத்திருப்பது:

'பெரியசாமி வண்டியில் பழைய கார்ப்பரேட்டரை மாட்டுமுன் ஜெட்டைப் பார்க்கவும். உள்ளே இருப்பது 62, ஏற்காட்டுக்குப் போட்டது. கீழே ஓட்ட 66 வேண்டும். மாற்றாவிட்டால் பிஸ்டன் போகும். பத்து வருடம் முன்பு போனதும் இதனால்தான். சந்திரன் மேல் தப்பில்லை.'

கடைசி வரியை மூன்று முறை அழித்து மூன்று முறை அடித்தேன். யார் மேல் தப்பு என்ற வரி இல்லை. 66 அவன் பட்டறையில் டப்பா டப்பாவாக இருக்கும்.

மேலே ஒரு கட்டம்: பெயர், விருப்பமிருந்தால். என் பெயரைப் பார்த்தால் ச. அதற்கு மேல் படிக்கமாட்டான். இது ஒரு காரணம், பொய்யில்லை. மற்றதை இந்த நோட்டிலும் எழுத முடியவில்லை.

மணி இரண்டரை. மூன்றுக்கு அவன் பட்டறையை விட்டுக் கிளம்பிவிடுவான். கட்டம் காலியாகவே இருக்கட்டும். அனுப்புகிறேன்.