கல்வட்டத்தில் நீ வைத்த நேர்த்தி

என் அன்பு அக்காவுக்கு,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். செத்தவீட்டில் பேசவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் பேசவில்லை. ஆண்டுத் திவசத்துக்கு வந்தவர்கள் "அமைதியாப் போயிட்டா, குடுத்து வைச்சவ" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டபோதும் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். நீ அமைதியாகப் போகவில்லை. போயிருக்கவும் வேண்டியதில்லை.

இதைப் பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்காகச் சிலதைத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உனக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டி. நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டார்கள். "சுகமாக்கலாம்" என்று ஹனோவரில் டாக்டர் சொன்னதை உனக்கு மொழிபெயர்த்ததே நான்தான். முதல் ஊசிமருந்து ஏறியதும் தலைமயிர் கொட்டியது. அந்த நேரம் பார்த்துத்தான் உன்னோடு வேலை செய்த ஜெர்மன்காரி உன்னை அந்தப் புல்வெளிக்கு வரச் சொன்னாள்.

காரில் கொண்டுபோய் இறக்கியவன் நான். கற்களை வட்டமாக அடுக்கி, உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரிசை, நான்கு திசைக்கும் நான்கு நிறத் துணி. மருத்துவச் சக்கரமாம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளுடையதாம். நடத்தியவரோ இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜெர்மன்காரர். கையில் மேளம், தொப்பியில் இறகு, தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஒரு பறவையின் பெயர். உன்னை மேற்கில் இருத்தினார். தனக்குள்ளே பார்க்கிற திசை என்றார்.

"நல்லகாலம் தம்பி, தெற்கில இருத்தேல்லை. யமன்ர பக்கமெண்டு எழும்பி ஓடியிருப்பன்" என்று திரும்பி வரும்போது சிரித்தாய். நோய் வந்தபிறகு நீ சிரித்து நான் கேட்டது அன்றுதான். அந்தச் சிரிப்புக்காக அடுத்த கிழமையும் கொண்டுபோய் விட்டேன்.

நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்பது பிறகுதான் தெரிந்தது. மற்றவர்கள் மேளச் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்க, நீ நடுக்கல்லுக்குத் திருநீறு பூசி நேர்த்திக்கடன் வைத்திருக்கிறாய். நாலு பருவமும் கிழமை தவறாமல் வட்டத்தைச் சுற்றி வருவேன், முடிக்கும்வரை உடம்பில் ஊசி ஏற்றமாட்டேன் என்று. அம்மன் கோவிலில் வைப்பதுபோல.

"ஆரக்கா ஊசி வேண்டாமெண்டு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நானாத்தான் வைச்சனான்."

"அப்ப நீயே விடு."

"வைச்ச நேர்த்தியை விடுறதோ? உனக்கென்ன விசரோ?"

அந்த மனிதரிடம் போனேன். நேர்த்தி என்றால் என்ன, அதை உன்னைப் போன்ற ஒருத்தி உயிர் போனாலும் மீறமாட்டாள் என்று விளக்கினேன். நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பாள் என்று கெஞ்சினேன். "அது அவருடைய பாதை" என்று என் தோளில் கை வைத்தார். அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இலை கொட்டும் காலத்தில் நீ போய்விட்டாய். அதன்பிறகு, கனடாவிலிருந்து வந்த கிரீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண் ஒருவர் இங்கே தன் மக்களைப் பற்றிப் பேசினார். கூட்டம் முடிந்ததும் உன் கதையைச் சொன்னேன். "என் அம்மா சடங்குக்கும் போவார், இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கும் போவார். ஒன்றுக்காக மற்றதை விடு என்று எங்கள் பெரியவர்கள் யாரும் சொன்னதில்லை" என்றார். பிறகு, "எங்களைக் கேட்காமல் சடங்கை இங்கே கொண்டுவந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்றார். உனக்கு இதைச் சொல்ல அங்கே அவர்களில் ஒருவராவது இருந்திருக்கக்கூடாதா, அக்கா?

இப்போது உனக்குத் தெரியாத செய்தி. உன் மகளுக்கும் மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது. உன் சாவின் ஆண்டுத் துடக்குக் கழியும்வரை காத்திருந்தவள், நீ விட்ட இடத்திலிருந்து அந்தக் கற்களைச் சுற்றத் தொடங்கியிருக்கிறாள்.

"அம்மான்ர நேர்த்தி குறையில நிக்குது மாமா. முடிச்சிட்டு டாக்டரிட்ட டெர்மின் எடுக்கிறன்."

"அதுக்குள்ள நீ முடிஞ்சுபோவாய்!" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து எனக்குக் கதவு திறப்பதில்லை. ஊரை விட்டு வந்து ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது என் கையை விடாமல் பிடித்திருந்த உன் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

நேர்த்தியின் குறையைக் கூடப்பிறந்தவனும் முடிக்கலாம் என்று கோவில் ஐயர் சொன்னார். எனக்கு அந்தக் கல்லிலும் நம்பிக்கையில்லை, ஐயரிலும் இல்லை. ஆனாலும் வாற ஞாயிறு போகிறேன். பனியோ மழையோ, மிச்சப் பருவங்களை நான் சுற்றி முடிக்கிறேன். அந்த மனிதர் மேளம் தட்டட்டும், சகித்துக்கொள்கிறேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அவள் நாளைக்கே டாக்டரிடம் போகலாம். போவாளா? போகமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இதை எங்கள் தமிழ் மாதப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்துக்கு அனுப்புகிறேன். அந்தப் பக்கத்தை அவள் விடாமல் வாசிப்பாள். என் பெயரைக் கண்டால் மட்டும் புரட்டிவிடுவாள். பெயர் இல்லாவிட்டால் நீ யமனைச் சொல்லிச் சிரித்த இடம் வரையாவது வருவாள். அந்தப் பகிடியை வீட்டில் அவளுக்கும் சொன்னாய்; அது நீதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்குமேல் வாசிப்பதும் விடுவதும் அவள் பாடு. பெயர் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.

உன் தம்பி