மாப்பிள்ளை கொண்டுவந்த கல்

ஜூன் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், நம் மூத்த பேத்தி நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். பேரனுக்குக் கப்பல் இன்ஜின் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. சின்னவள் நீச்சலில் கோப்பை வாங்கினாள். மூக்கு உங்களுடையது, மூச்சு எங்கள் வீட்டு மூச்சு. உங்கள் மகன் இரண்டாவது லாரியும் எடுத்துவிட்டார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

அந்த லாரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். திங்கட்கிழமை அது எங்கள் தெருக் கரையில் கொட்டக் கல் ஏற்றி வருகிறதாம். வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

நம் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நடக்கும். துறைமுகச் சுவர் வந்ததும் அதற்குத் தெற்கே மலையாகக் குவிந்து நின்றுவிட்டது. சுவருக்கு வடக்கே இருந்த உங்கள் தெருவைக் கடல் அரித்தது. நீங்கள் கல் கேட்டு வாங்கினீர்கள். அது உங்கள் கரையைக் காத்து, அரிப்பை வடக்கே தள்ளிவிட்டது; இப்போது அடுத்த தெருவான எங்களுடையது போகிறது. என் சமையலறைச் சுவர் விழுந்து, முன்னறையில் அடுப்பு எரிகிறது. எங்களுக்கும் கல் போட்டால், வடக்கே மீன் உலர்த்தும் பெண்களின் குடிசைகள் போகும். என் வீட்டுக் குப்பையைப் பக்கத்து வாசலில் தள்ளும் வேலை எனக்கு வேண்டாம்.

கல் வந்தால் லாரிக்கு முன்னால் உட்காருவேன்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி

ஜூன் 7

சம்பந்தியம்மா,

அந்தக் கல் இல்லாவிட்டால் நாங்கள் இன்று யார் வீட்டுக் கூடத்திலோ படுத்திருப்போம். நியாயத்தை வைத்துக் கூரை போட முடியாது. பெண் கொடுத்தவளே மாப்பிள்ளை வண்டியை மறித்தால் ஊர் வாயை யார் மூடுவது? உங்கள் மகளையும் அதே லாரியில் அனுப்புகிறேன். அவள் சொல்லியும் கேட்காவிட்டால் இரண்டு வீட்டுக்கும் இனிப் போக்குவரத்து இல்லை.

சின்னவளின் மூச்சும் எங்களுடையதுதான்.

இப்படிக்கு,
சம்பந்தி

ஜூன் 11

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சொன்னபடி உட்கார்ந்தேன். மீன் உலர்த்தும் பெண்களும் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும், "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. என் வீடு போனா நீயா கட்டித் தருவே?" என்று கத்தினாள். அவள் பயமும் பொய்யில்லை. எனக்கும் அந்தப் பயம் உண்டு.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். "அத்தை, எந்திரிங்க. உங்க வீட்டைக் காப்பாத்தத்தானே கல்லு கொண்டாந்திருக்கேன்?"

"தெரியுது மாப்பிள்ளை. கல்லைத் திருப்பிக் கொண்டு போங்க, மணலை அள்ளிட்டு வாங்க. துறைமுகச் சுவர்கிட்ட சும்மாதானே குவிஞ்சு கெடக்கு. லாரிக்கு ரெண்டும் சுமைதான்."

"மணலுக்கு யாரு ஆர்டர் குடுத்தா?"

"அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கோம்."

அப்போது உங்கள் மருமகள் இறங்கினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னடி, சமாதானம் பேச வந்தியா?"

"பேசத்தான் வந்தேன். நின்னுக்கிட்டே பேசினா கால் வலிக்குது."

உங்கள் மகன் இன்ஜினை அணைத்தார். சக்கரத்தில் சாய்ந்து நின்றார். பிறகு ஒரு கல்லும் இறக்காமல் வண்டியைத் திருப்பிவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

வியாழக்கிழமை அதிகாரிகள் போலீசோடு கல் கொண்டு வருவார்களாம். வரட்டும். உங்கள் மருமகள் இங்கே தங்கியிருப்பது கோபித்துக்கொண்டு அல்ல. வியாழன் முடிந்ததும் வீட்டுக்கு வருவாள். கதவைத் திறப்பதும் மூடுவதும் உங்கள் பாடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். என் வீட்டில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் நாம் இருவரும் உங்கள் வீட்டுக்கு எதிரே மணலில் செருப்பில்லாமல் நிற்கிறோம். படம் பழசாகிவிட்டது. பேரப்பிள்ளைகளை அதே கரையில் நிறுத்திப் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். கல் மேல் ஏற்றி எடுக்காதீர்கள். மணலில் நிற்க வேண்டும். உங்கள் பக்கம் மணல் கிடைக்காவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமை இங்கே வாருங்கள். நாம் எல்லோரும் உட்காரும் அளவு இன்னும் மிச்சமிருக்கிறது. படத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம்.

அன்பு மாறாத,
பெண் கொடுத்தவள்