நீங்கள் கழுவிய தொட்டி

அண்ணே,

வீரபாண்டித் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. இன்று காலை கோயிலுக்குப் போகும் சாலையில், சாக்கடை ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடரைத் தூவிக்கொண்டு போனார்கள். ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் இருந்த பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் நன்றாக இழுத்து மூச்சு விட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த நாற்றம் வந்தாலே எனக்கு உங்கள் ஞாபகம் வருகிறது என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வந்ததும் கையைக் கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் தேனிக்குப் பக்கத்தில் அந்தச் சின்னக் காகித ஆலையில் கெமிஸ்டாக வந்து சேர்ந்தேன். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த என் அப்பாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஆலையில் எல்லாரும் என்னை மேடம் என்றார்கள். காகிதக் கூழை வெளுக்கும் பிளீச் ஹவுஸுக்கு மேஸ்திரியான நீங்கள் மட்டும் முதல் நாளே "வா தாயி" என்றீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எம்.எஸ்ஸி. படித்துவிட்டு வந்தவளைத் தாயி என்றால்?

அடுத்த கோபம் உங்கள் கண்ணின் மேல். வைக்கோல் கூழ் வெளுத்து வந்ததும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, இன்னும் கால் மணி நேரம் ஓடட்டும் என்பீர்கள். நான் அதை லேபுக்குக் கொண்டுபோய் வெண்மை அளக்கும் கருவியில் வைத்துப் பார்ப்பேன். நீங்கள் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஒரு தடவையாவது நீங்கள் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சிரித்திருப்பீர்கள்.

பிறகு ஒரு நாள், வைக்கோல் போருக்குப் பின்னால் நீங்கள் குனிந்து நின்று இருமுவதைப் பார்த்தேன். சும்மா சளி இருமல் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, போரைப் பிடித்து நின்றீர்கள். பெரியகுளம் டாக்டர் அந்தப் பிளீச் நெடியில் இனி நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்பதும், மதினியைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆலையில் தெரிந்தால் உங்களைத் தூக்கிக் கேட்டில் போட்டுவிடுவார்கள். "கேட்டுல உக்காந்து லாரி நம்பர எழுதவா தாயி நான் இம்புட்டு நாளு கூழு பாத்தேன்?" என்று கேட்டீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டீர்கள். நெடிக்கு நல்லது என்று பிளீச் ஹவுஸ்காரர்களுக்கு ஷிஃப்டுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்களே, அதில் பாதியை உடைத்து என் கையில் வைத்தீர்கள். லஞ்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெல்லத்தைத் தின்றுகொண்டேதான் யோசித்தேன். தொட்டிக்குப் போகும் பிளீச் குறைந்தால் நெடியும் குறையும். நெடி குறைந்தால் நீங்கள் உங்கள் இடத்திலேயே இருக்கலாம். என்னோடு படித்த ஒருத்தி அப்போது மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கோதுமைத் தவிட்டில் பூஞ்சை வளர்த்து என்சைம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கூழில் கலந்து இரண்டு மணி நேரம் வைத்தால், நாருக்குள் நிறத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருளை அது அறுத்துத் தளர்த்திவிடும், அப்புறம் குறைந்த பிளீச்சிலேயே வெளுக்கும் என்று எழுதியிருந்தாள். முதலாளியிடம் போய் நின்றேன். அவர், ஒரே ஒரு தொட்டி, கூழ் கெட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது என்றார்.

மதுரையிலிருந்து இரண்டு கேன் நிறைய என்சைமைப் பனிக்கட்டிக்குள் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் குலுங்கியபோதெல்லாம் என் உயிர் போய்ப் போய் வந்தது. பஸ் ஸ்டாண்டில் சைக்கிளோடு நீங்கள் நின்றீர்கள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆறிப்போன காப்பித்தண்ணி மாதிரி இருக்கே என்றீர்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது கேள்வி மேல் கேள்வி. இதற்கு உயிர் இருக்கிறதா? இல்லை, உயிருள்ளது செய்து கொடுத்தது. ஆனால் பக்குவம் தப்பினால் செத்துப்போகும் என்றேன்.

"உசுரே இல்லாதது எப்படித் தாயி சாகும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. எதெல்லாம் பட்டால் சாகும் என்று அடுத்துக் கேட்டீர்கள். கொதிக்கிற தண்ணீர் கூடாது, கை பொறுக்கும் சூடுதான் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். பனிக்கட்டி கரைகிற அவசரத்தில் இருந்தேன்.

மறுநாள் சோதனை. கூழை நன்றாக அலசி, காரம் போகச் செய்து, சூடு பார்த்து, எல்லாம் முறையாகத்தான் நடந்தது. என்சைமை ஊற்றினோம், காத்திருந்தோம், வழக்கத்தைவிடக் குறைத்துப் பிளீச் விட்டோம். கூழ் பழைய வேட்டி நிறத்தில் மஞ்சளாக வந்தது. முதலாளி ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். அதைத் தொட்டியிலேயே போட்டுவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று நாள் லேபில் உட்கார்ந்து என் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டேன். தோழி ஏமாற்றிவிட்டாள் என்று அவளைத் திட்டினேன், பாவம். நாலாவது நாள் நீங்கள் வந்து வாசலிலேயே நின்றீர்கள். உங்களுக்கு உட்காரத் தோன்றவில்லை.

"தாயி, தொட்டிய நான் எதுல கழுவுனேன்னு நீ கேக்கவே இல்லையே."

முக்கியமான சரக்கு ஓடும் நாளில் தொட்டியைப் புது பிளீச் தண்ணீரால் கழுவி, அடியில் நாலு குடம் நிற்க விடுவது உங்கள் வழக்கம். எப்படியும் அடுத்து அதில் பிளீச்தானே விழப்போகிறது. என் சோதனைக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று, அன்று விடியலிலேயே வந்து இரண்டு தடவை கழுவியிருக்கிறீர்கள். பிளீச் ஹவுஸே அந்த நெடியில் இருக்கும்போது, தொட்டிக்குள் இருப்பது தனியாக எனக்கு எங்கே தெரியும்? அந்த நாலாவது நாள் காலை கழிவு வாய்க்காலில் ஒரு தவளை செத்து மிதந்ததைப் பார்த்துத்தான் உங்களுக்குப் பொறி தட்டியது. "தவளையே தாங்கல. உன் காப்பித்தண்ணி எங்கிட்டுத் தாங்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் நீங்கள் முதலாளி அறைக்கு நடந்துவிட்டீர்கள். பின்னாலேயே ஓடினேன்.

"மொதலாளி, தப்பு அந்தப் பிள்ள மேல இல்ல. தொட்டியக் கழுவுனது நானு. இன்னொரு தொட்டி குடுங்க" என்றீர்கள். அதற்குள் இருமல் வந்துவிட்டது. அந்தச் சின்ன அறையில், மூடிய ஜன்னலுக்குள், அடக்க அடக்க வந்தது. முதலாளிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதம் முதல் கேட்டுக்குப் போ என்றார். இன்னொரு தொட்டியை மட்டும் கொடுத்தார்.

அந்த அறையில் நான் வாய் திறக்கவில்லை, அண்ணே. எது பட்டால் சாகும் என்று நீங்கள் கேட்டீர்கள், நான் பிளீச்சை விட்டுவிட்டுப் பாதிதான் சொன்னேன் என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது தடவை வெறும் தண்ணீரால் கழுவினீர்கள். கழுவி முடித்து, தொட்டிக்குள் இறங்கி, அடியைத் துணியால் ஒற்றி எடுத்தீர்கள். மதுரைத் தோழி மறுபடி இரண்டு கேன் கொடுத்தாள். பிளீச் விட்ட பிறகு நான் கருவியைத் தேடிப் போகவில்லை. உங்கள் உள்ளங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் பக்கம் நீட்டினீர்கள், திருப்பினீர்கள், மறுபடி நீட்டினீர்கள்.

"இது நம்ம வெள்ளதான் தாயி."

அதன் பிறகு முதலாளி கேட்டைப் பற்றிப் பேசவே இல்லை. மதுரையிலிருந்து கேன் வந்த மாதங்களில் நெடி நன்றாகவே குறைந்தது. கேன் வராத மாதங்களுக்காகக் கூரையைப் பிரித்துக் காற்றுப் போக வழி செய்து கொடுத்தார்கள். முழு வெற்றி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த வருடத் திருவிழாவில், பொரிகடலைக் கடைக்கு முன்னால் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணே இப்பல்லாம் இருமாமத் தூங்குறாக" என்றார். நான் வாங்கிய எந்தப் பட்டத்துக்கும் எனக்கு அத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

ஓய்வு பெறும் வரை நீங்கள் தொட்டிப் பக்கத்திலேயே இருந்தீர்கள். கடைசி நாள் மாலை போட்டு, வெல்லம் கொடுத்து எல்லாரும் கலைந்த பிறகு, இத்தனை வருடம் தொண்டையில் நின்றதை ஒருவழியாகச் சொன்னேன். அன்றைக்குத் தப்பில் பாதி என்னுடையது, முதலாளி முன்னால் நான் சொல்லவில்லை என்று. நீங்கள் மாலையைக் கழற்றிச் சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருப்பாக. அப்புறம் அந்தத் தொட்டிய யாரு ஓட்டுறது?"

அந்த அறைக்குள் நீங்கள் எதை யோசித்துக்கொண்டு நடந்தீர்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் இடம் போனாலும் பரவாயில்லை, தொட்டி ஓட ஒருத்தி உள்ளே இருக்க வேண்டும். தப்பில் என் பாதியையும் சேர்த்து நீங்களே தூக்கிக்கொண்டு போயிருக்கிறீர்கள், அதுவும் மூச்சு வாங்கும் அந்த நெஞ்சோடு.

இப்போது அந்தப் பாதி என்னிடம் இருக்கிறது, அண்ணே. உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். பாரமாக இல்லை.

உங்கள்
தாயி