வாப்பாவின் குரல்

செவ்வாய், இரவு.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கனமூலையில் என் கூடப்பிறந்த ராத்தா வீட்டிலிருந்து சைக்கிளில் திரும்பும்போது, பொழுது போகிறதே என்று உப்பளத்து வரம்பில் குறுக்கே இறங்கினேன். எல்லா வரம்பும் ஒன்றுபோலவே இருந்தது. சுற்றிச் சுற்றி அதே உடைந்த மதகடிக்கே வந்து நின்றேன். இருட்டிக்கொண்டு வந்தது. போனில் சார்ஜ் இல்லை. இரண்டு பக்கமும் தண்ணீர்.

ஆனாலும் ஒரு தைரியம் இருந்தது. எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்பவர் வாப்பா. அந்தி மஃரிபுக்கு அவர் குரல் எந்தப் பக்கம் கேட்கிறதோ, அந்தப் பக்கம்தான் வீடு. சைக்கிளை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

நாலு பள்ளிகளில் பாங்கு கேட்டது. ஒன்றிலும் வாப்பாவின் குரல் இல்லை. காய்ச்சலோடும் போய்ப் பாங்கு சொல்கிற மனிதர். அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். அழுதுகொண்டே, தெரிந்த முதல் வெளிச்சத்தைப் பார்த்து மிதித்தேன். நல்லவேளை, அது பெரிய ரோட்டுக் கடை.

வீட்டு வாசலில் உம்மா மட்டும் நின்றார்.

"வாப்பா எங்க உம்மா?"

"ஒன்னத் தேடித்தான் போயிருக்கார். நீ வந்து சேந்தியான்னு கேட்டு ராத்தாட கோல் வந்ததும், பாங்கு சொல்ல வேற ஆள விட்டுட்டு உப்பளத்துப் பக்கம் போயிட்டார். டோர்ச்சும் இல்ல. போனும் மேசையிலதான் கிடக்குது."

பக்கத்து வீட்டார் தேடிப் போயிருக்கிறார்கள். உம்மா என்னை வாசல் கேற்றைத் தாண்ட விடவில்லை. சும்மா இருக்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

இப்போது இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு கேட்கிறது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

வாப்பாவின் குரல் இல்லை.